உடன்பிறந்தவனின் மனம் உடையும்போது



ஜெபக்கூட்டத்தில் வாசிக்கப்படும் விண்ணப்பச் சீட்டுகளில் சில சீட்டுகளை நீங்கள் கவனித்திருப்பீர்கள். "ஒரு குடும்பத்தின் விசேஷித்த காரியத்திற்காக" என்றோ, "ஒரு வாலிபனின் சமாதானத்திற்காக" என்றோ எழுதியிருக்கும். பெயர் இராது. சர்க்கரை நோய்க்கும் இருதய அறுவைக்கும் பெயர் சொல்லி ஜெபிக்கக் கேட்கிற நாம், மனநோய் என்று வந்தவுடன் பெயரை மறைத்துக்கொள்கிறோம். அந்தச் சீட்டை எழுதியவர் பெரும்பாலும் ஒரு சகோதரியாகவோ சகோதரனாகவோ இருப்பார். பெற்றோர் முதிர்ந்துவிட்ட வீட்டில் பாரம் அவர் தோளில்தான் வந்து அமர்கிறது. இக்கட்டுரை அவருக்காக எழுதப்படுகிறது.

பெஹாலாவிலும் அதைச் சுற்றிலும் வாழும் நம் ஜனங்கள் பிழைப்பைத் தேடி வந்தவர்கள். கார்டன் ரீச்சில் உள்ள தென்கிழக்கு இரயில்வே தலைமையகம், துறைமுகம், தாராதலாவின் தொழிற்சாலைகள், நகரத்து அலுவலகங்கள் என்று வேலை நம்மை இங்கே கொண்டுவந்தது. ஊரில் என்றால் சித்தப்பா இருப்பார், அத்தை இருப்பார், ஓர் இரவு நோயாளியின் அருகில் விழித்திருக்க யாராவது வருவார்கள். இங்கே இரண்டு அறை வாடகை வீட்டில் தம்பிக்கு மனம் கலங்கினால், கதவுக்கு உள்ளே இருப்பவர் நீங்கள் ஒருவரே. மருத்துவர் பேசுவது வங்காளம். உங்கள் தம்பி அழுவது தமிழில்.

இது என்ன நோய்?

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, மூளையின் செயற்பாட்டில் உண்டாகும் நோய். பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். யாரும் பேசாதபோது குரல்கள் கேட்கும். தன்னைப் பிறர் வேவு பார்க்கிறார்கள், உணவில் எதையோ கலக்கிறார்கள் என்ற அசைக்கமுடியாத எண்ணம் தோன்றும். பேச்சு தொடர்பற்றுப் போகும். பின்பு குளிப்பதிலும் உண்பதிலும் மனிதரோடு பழகுவதிலும் நாட்டம் குறைந்து, ஒரு மூலையில் ஒடுங்கிவிடுவார்கள். இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் பல குடும்பங்கள் சோம்பேறித்தனம் என்று தவறாகக் கண்டிக்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அதே நிறுவனம், குறைந்தது மூன்றில் ஒருவராவது முழுமையாகக் குணமடைய முடியும் என்றும் கூறுகிறது. மற்றவர்களில் அநேகரும் மருந்தோடும் ஆதரவோடும் வேலை செய்து, ஆராதனைக்கு வந்து, வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வளர்ப்பின் குற்றத்தால் இது வருவதில்லை. பரம்பரையின் பங்கு உண்டு. ஆனாலும் நோயாளியின் உடன்பிறந்தவர்களில் ஏறத்தாழ நூற்றில் 9 பேருக்கே இது வரக்கூடும். மீதமுள்ளவர்களுக்கு வருவதில்லை. அண்ணனுக்கு நோய் என்பதற்காகத் தங்கையின் சம்பந்தத்தை முறித்துப்போடுகிறவர்கள் இந்தக் கணக்கை அறிந்துகொள்ள வேண்டும். கஞ்சா போன்ற போதைப் பொருள்கள் இந்நோயைத் தூண்டவும் கடுமையாக்கவும் கூடும் என்பதையும் வாலிபர்கள் அறியவேண்டும்.

ஆவிக்குரிய போராட்டமா, நோயா?

நம்மில் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. ஆண்டவர் பிசாசுகளைத் துரத்தினார் என்று நாம் விசுவாசிக்கிறோம். அதை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டவரிடம் வந்த எல்லாரையும் அவர் ஒரே விதமாக நடத்தவில்லை என்பதையும் சுவிசேஷங்களில் வாசிக்கிறோம். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பூசச் சொன்னார் (ஏசாயா 38). அந்த ராஜா ஜெபித்தவர். கர்த்தர் அவருடைய கண்ணீரைக் கண்டவர். ஆனாலும் மருந்து விலக்கப்படவில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். காயப்பட்டவனைக் கண்ட நல்ல சமாரியன் காயங்களைக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், செலவுக்கும் பணம் கொடுத்தான்.

நம்முடைய பெந்தெகொஸ்தே வரலாற்றிலேயே, இதே கொல்கத்தாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 1954இல் இந்நகருக்கு வந்த அசெம்பிளீஸ் ஆஃப் காட் மிஷனரி மார்க் பண்டெயின் தெய்வீக சுகத்தைப் பிரசங்கித்தவர். அவருடைய ஊழியத்தின் பலனாகவே 1977இல் பார்க் தெருப் பகுதியில் மிஷன் ஆஃப் மெர்சி மருத்துவமனை எழும்பியது. சுகமாக்குகிற தேவனை விசுவாசித்தவர் மருத்துவமனை கட்டினார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் முரண்பாடு காணவில்லை என்றால் நாம் ஏன் காணவேண்டும்?

ஆகவே அடையாளங்களைக் கவனியுங்கள். தூக்கமின்மை, காரணமற்ற பயம், சந்தேகம், தனக்குத்தானே பேசுதல், படிப்பிலும் வேலையிலும் வீழ்ச்சி ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். "கர்த்தர் என்னோடு பேசுகிறார்" என்று அவர் சொல்வதாலேயே அது தீர்க்கதரிசன வரம் ஆகிவிடாது. நோயுற்ற மனம் தனக்குப் பழக்கமான வார்த்தைகளையே எடுத்துக்கொள்ளும். நம் வீட்டுப் பிள்ளைக்குப் பழக்கமானவை வேத வார்த்தைகள் அல்லவா? மருத்துவர் முதலில் காய்ச்சல், தைராய்டு, போதை முதலிய வேறு காரணங்கள் உண்டா என்று பார்ப்பார். நோய் தொடங்கியபின் எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ, அவ்வளவுக்கு நல்ல பலன் கிடைக்கும். உபவாசக் கூடுகை முடியட்டும், கன்வென்ஷன் முடியட்டும் என்று மாதங்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் ஒரு முக்கியமான காரியம். இந்நோயுள்ளவருக்குத் தூக்கம் கெடுவது மிகுந்த ஆபத்து. முழு இரவு ஜெபத்திற்கு அவரை அழைத்துச்செல்ல வேண்டாம். நீண்ட உபவாசத்தில் அமர்த்தவும் வேண்டாம். அவருக்காக நீங்கள் உபவாசியுங்கள். அவர் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, உறங்கட்டும். சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்துக்கொண்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும். அதற்கு முன்னும் பின்னும் அவன் உறங்கினான்.

ஏர்வாடியை மறக்கலாகாது

2001 ஆகஸ்டு 6ஆம் தேதி அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடித் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். ஒவ்வொருவரையும் ஒரு தாயோ தகப்பனோ அண்ணனோ அங்கே விட்டுச்சென்றிருந்தார்கள். சுகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு விட்டவர்களும் உண்டு. வேறு வழி தெரியாமல் விட்டவர்களும் உண்டு. உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கை விசாரித்தது.

அது வேறு மார்க்கத்தாரின் இடம் என்று நாம் கடந்துபோக முடியாது. ஜெபவீடு என்று பெயரிட்டாலும் கட்டிவைத்தல் கட்டிவைத்தலே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்விதத்திலும் நோயாளியைச் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்று தடைசெய்கிறது. கதரேனருடைய நாட்டில் சங்கிலியாலும் விலங்காலும் அடங்காதவனை ஆண்டவர் சந்தித்தபின், அவன் வஸ்திரம் தரித்து அமர்ந்திருந்தான். சங்கிலி போட்டவர்கள் ஊரார்; ஆண்டவர் அல்ல.

மருத்துவமனை வாசலில்

பெஹாலாவில் இருப்பவருக்கு முதல் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. வித்யாசாகர் அரசுப் பொது மருத்துவமனைக்குச் சென்று, மனநல மருத்துவர் என்றைக்கு இருப்பார், இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். அடுத்தது, பி.ஜி. என்று எல்லாரும் அழைக்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மனநல மருத்துவ நிலையம். பெஹாலா சௌரஸ்தாவில் மெட்ரோ ஏறி, 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட மாஜேர்ஹாட் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. உள்நோயாளியாகச் சேர்க்கும் அரசு மனநல மருத்துவமனைகளில் கோப்ராவிலுள்ள பாவ்லோவ் மருத்துவமனையும், 1940இல் கிரீந்திரசேகர் போஸ் முதலானோர் தொடங்கிய லும்பினி பார்க் மருத்துவமனையும் இந்நகரத்தில் உள்ளன.

வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் அதிகம். மருத்துவர் உங்களுக்குத் தரும் நேரம் குறைவு. ஆகையால் ஆயத்தத்தோடு போங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நோய் எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் உறங்குகிறார், என்னென்ன மருந்து, அதனால் என்ன தொல்லை என்று தேதிவாரியாக எழுதுங்கள். பழைய சீட்டுகளை ஒன்றையும் எறியாதீர்கள். வங்காளமோ இந்தியோ சரியாகப் பேசத் தெரிந்த சபை வாலிபர் ஒருவரை அழைத்துச்செல்லுங்கள். ஆனால் ஒன்று: தம்பி சொல்வதைத் திருத்தாமல், குறைக்காமல் மொழிபெயர்க்க வேண்டும். குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற அவர் சொன்னதில் பாதியை விழுங்கினால் மருத்துவர் தவறான மருந்தையே எழுதுவார்.

வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்கவும் வழியுண்டு. 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. அது தரும் மொழிகளில் தமிழும் ஒன்று. தம்பி தன்னையோ பிறரையோ அழித்துவிடும் பேச்சைப் பேசினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், தனியே விடாதீர்கள். தற்கொலை முயற்சி செய்தவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதவேண்டும் என்பது இன்றைய சட்டம். எனவே காவல்துறைக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

மருந்தைக் குறித்து

ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால் முதலிய மருந்துகள் பொதுவாக எழுதப்படுகின்றன. இவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்; மூன்றாம் நாளில் "பயனில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். கை நடுக்கம், உடல் விறைப்பு, தூக்கக் கலக்கம், எடை கூடுதல் ஆகிய தொல்லைகள் வரக்கூடும். அவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மாற்று மருந்து தருவார். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை போடும் ஊசிகளும் உண்டு. வேறு மருந்துகள் பலிக்காதவர்களுக்குக் கொடுக்கப்படும் குளோசபின் என்னும் மருந்துக்கு இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது.

குரல்கள் அடங்கியதும் "நான் சுகமாகிவிட்டேன்" என்று அவர் மருந்தை விடுவார். சில வேளைகளில் சபையாரும் அதைச் சாட்சியாகக் கேட்க விரும்புவார்கள். இங்கேதான் மிகப் பெரிய விழுகை நேரிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்ப வரும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மீள்வது கடினமாகக்கூடும். மருந்து உண்பது அவிசுவாசம் அல்ல. கர்த்தர் சுகமாக்கினார் என்று நீங்கள் விசுவாசித்தால், குஷ்டரோகி ஆசாரியனிடத்தில் தன்னைக் காண்பித்ததுபோல, தம்பியை மருத்துவரிடம் காண்பியுங்கள். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவர் வாயிலிருந்து வரட்டும்.

சட்டம் தரும் உரிமை

மேலே சொன்ன சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு நிதியில் நடக்கும் மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது அது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரவேண்டும் என்றும் சொல்கிறது. மருந்து இருப்பில் இல்லை என்று அனுப்பப்பட்டால், சீட்டில் மருந்தின் மூலப் பெயரை எழுதி வாங்கி, ஜன் ஔஷதி கடையில் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டாகிலும் ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

தம்பி தெளிவாக இருக்கும் நாட்களில், தன் சார்பில் பேசுவதற்கு ஒருவரை எழுத்தில் நியமிக்கலாம். அந்த நியமனம் உங்கள் பெயரில் இருக்குமானால் நெருக்கடி வேளையில் மிகவும் உதவும். அவர் சிகிச்சையை மறுத்து, தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில் இருந்தால், நீங்கள் விண்ணப்பம் கொடுக்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும் தகுதியுள்ள மற்றொருவரும் தனித்தனியே பரிசோதித்தபின் அவரை 30 நாட்கள் வரை சேர்த்துக்கொள்ள இச்சட்டம் இடமளிக்கிறது. அவர் வீட்டைவிட்டு வெளியேறி அலைந்தால் உடனே காவல் நிலையத்தில் எழுதிக்கொடுங்கள். அலைந்து திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவமனையில் ஒப்படைப்பது காவல்துறையின் கடமை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் நிலைகளில் சேர்த்திருக்கிறது. அரசு மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் வாங்குங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று வந்தால் சலுகைகளுக்கு வழி திறக்கும். பெற்றோர் இரயில்வேயிலோ மத்திய அரசிலோ பணிசெய்து ஓய்வூதியம் பெறுபவர் என்றால் இதைத் தவறாமல் கவனியுங்கள்: மனநோயினால் பிழைப்புத் தேட இயலாத பிள்ளைக்கு, பெற்றோருக்குப் பின் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி உண்டு. அப்பா உயிரோடிருக்கும்போதே அவருடைய அலுவலகப் பதிவில் அந்தப் பிள்ளையின் பெயரையும் நோயையும் சேர்த்துவிடுங்கள். வெட்கத்தால் மறைத்த குடும்பங்கள் பின்பு அலுவலகப் படிகளில் அலைகின்றன.

வீட்டினுள்ளே

கேட்கும் குரலைக் குறித்துத் தம்பியோடு வாதாடாதீர்கள், ஆமோதிக்கவும் வேண்டாம். "எனக்கு அது கேட்கவில்லை; ஆனால் நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரிகிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். எந்நேரமும் குற்றம் கண்டுபிடித்துப் பேசும் வீட்டிலும், கைக்குழந்தைபோல அளவுமீறிப் பொத்திவைக்கும் வீட்டிலும் நோய் அதிகமாகத் திரும்பி வருகிறது என்று இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறிய பொறுப்புகளைக் கொடுங்கள்: பால் வாங்கிவருதல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல், ஓய்வுநாள் பாடசாலையில் நாற்காலி போடுதல். "ஒரு கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்ற யோசனைக்கு இடங்கொடாதீர்கள். திருமணம் மருந்தல்ல, மறைத்துச் செய்யும் திருமணம் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

குடும்பத்தை நோயாளியிடமிருந்து பிரிக்கக்கூடாது என்பதில் நம் தேசம் உலகுக்கு முன்னோடி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினரையும் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்கச்செய்தது. ஹௌராவிலிருந்து காட்பாடி செல்லும் இரயில்களில் எத்தனை வங்காளக் குடும்பங்கள் அந்த வேலூருக்குப் போகின்றன என்று நீங்களே கண்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. கோபம் வரும். "எனக்கு மட்டும் ஏன்?" என்று தோன்றும். அவன் உயிரோடிருக்கும்போதே, பழைய தம்பியை இழந்துவிட்டதாகத் துக்கம் வரும். அதைப் பாவம் என்று எண்ணி உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். மோசேயின் கைகளும் தளர்ந்தன. ஆரோனும் ஊரும் இருபுறமும் தாங்கினார்கள். வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் அவரைக் கவனிக்கட்டும், நீங்கள் உறங்குங்கள்.

சபையாருக்கு

2015 ஜூன் மாதத்தில் இந்நகரத்தின் ராபின்சன் தெருவில் ஒரு வீட்டில், மரித்துப்போன சகோதரியின் உடலோடு ஒரு சகோதரன் மாதக்கணக்காய் வாழ்ந்தது தெரியவந்தது. அவர் பாவ்லோவ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நகரமே பயங்கரக் கதைபோல அதைப் பேசியது. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அத்தனை மாதமும் அந்தக் கதவைத் தட்டுவதற்கு ஒருவரும் இல்லையா?

திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்தார்கள். அவர்கள் கூரையைப் பிரித்தார்கள். அவனுடைய விசுவாசத்தைக் குறித்து விசாரணை நடத்தவில்லை. உங்கள் சபையிலும் ஒரு குடும்பத்திற்கு நால்வர் போதும். ஒருவர் மருத்துவமனை நாளில் உடன் செல்லட்டும். ஒருவர் மருந்து முடியும் தேதியை நினைப்பூட்டட்டும். ஒருவர் மாதத்தில் சில நாட்கள் அந்த வீட்டிற்குச் சாப்பாடு கொண்டுபோகட்டும். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் அருகில் அமரட்டும். போதகர்களே, தலையில் கைவைத்து ஜெபியுங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள். அவருடைய சம்மதமின்றி அவருடைய நோயை மேடையில் பேசாதீர்கள்.

பெயரில்லாத அந்த விண்ணப்பச் சீட்டு இந்த வாரமும் வரும். அதை எழுதியவர் யாரென்று துருவிக் கேட்கவேண்டாம். மனநோய்க்காகவும் நாம் பகிரங்கமாக, இகழ்ச்சியின்றி ஜெபிக்கிற சபை என்று அவர் அறிந்தால், ஒருநாள் அவரே பெயரை எழுதுவார். கண்ணீரோடு தம்பியின் கையைப் பிடித்து மருத்துவமனை வரிசையில் நிற்கிற ஒவ்வொரு சகோதரிக்கும் சகோதரனுக்கும் கர்த்தர் பெலனும் பொறுமையும் தந்து, அந்த வீட்டைத் தம்முடைய சமாதானத்தால் நிரப்புவாராக. ஆமென்.